புத்தளத்து மஞ்சா இசைஞர்

இலங்கையின் மேலைக் கரையிலே, கொழும்பிலிருந்து வடக்கே ஏறக்குறைய 130 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது புத்தளம் நகரம். ஒருபுறம் நீண்ட கடனீரேரி. அதற்கப்பால் மணல் மேடாய் நீண்டு கிடக்கும் கற்பிட்டிக் குடாநாடு. கரையோரத்திலே வெயிலில் வெண்மையாய் ஒளிவிடும் உப்பளங்கள். உப்பு விளையும் தளம் ஆதலின் ‘உப்புத்தளம்’ என வழங்கிய பெயரே நாளடைவில் புத்தளம் என மருவிற்று என்பாரும் உளர். கடலை நம்பி வாழும் இவ்வூருக்குப் பிற நாட்டார் வருகை புதியதன்று. மொறொக்கோ நாட்டு யாத்திரிகர் இபின் பதூதா 1344ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்தபோது கரையிறங்கி, ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டு விருந்தினராய்த் தங்கிய இடம் புத்தளமே என்பது வரலாற்றாசிரியர் பலரின் துணிபு. அரபு வணிகர் வந்தனர். முத்துக் குளிப்போர் வந்தனர். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் ஒருவர்பின் ஒருவராக வந்தனர்.

இவர்களெல்லாம் தாமே விரும்பி வந்தவர்கள். விரும்பாமலே கொண்டுவரப்பட்ட மக்கட் கூட்டமும் ஒன்று உண்டு. அவர்களுடைய வழித்தோன்றல்கள் புத்தளத்தை அடுத்த சிராம்பியடி என்னும் சிற்றூரில் இன்றும் வாழ்கின்றனர். சுருண்ட கூந்தலும் கரிய மேனியும் உடைய அவர்களுடைய முன்னோர் ஆபிரிக்காக் கண்டத்தினர். இன்று அவர்கள் வீட்டிலும் வீதியிலும் பேசுவன சிங்களமும் தமிழும். ஆயினும் விழா நாளிலே அவர்கள் கூடியமர்ந்து பாடத் தொடங்கினால், வெளிவரும் மொழி சிங்களமும் அன்று, தமிழும் அன்று. பாடுவோருட் பலருக்கு அப்பாட்டின் சொற்கள் முழுவதும் விளங்குவதில்லை. எனினும் ஒரு சொல்லும் தவறாமற் பாடுகின்றனர். அப்பாட்டுக்கு அவர்கள் இட்டு வழங்கும் பெயர் மஞ்சா.

பொருள் விளங்காத பாட்டை ஒரு கூட்டத்தார் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தது எவ்வாறு? கூலி வேலையும் சிற்றூழியமும் பார்த்து வாழும் முதியோர், ஓய்ந்த வேளையிலே ஒன்றுகூடி ஓர் இசைக் குழுவாகி மேடையேறியது எதற்காக? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண, ஆபிரிக்கர் இத்தீவுக்கு வந்த வரலாற்றை முதலில் அறிதல் வேண்டும்.

இபின் பதூதா தம் யாத்திரை நூலிலே கொழும்பைப் பற்றியும் குறிப்பிடுகின்றார். அந்நாளிற் கொழும்பை ஆண்ட ஜலஸ்தி என்னும் கடற்றலைவனிடம் ஐந்நூறு அபிசீனியர் பணிபுரிந்தனர் என்பது அவர் கூற்று. எனவே, ஐரோப்பியர் இந்துமாக்கடலில் நுழைவதற்கு நெடுநாள் முன்னரே ஆபிரிக்கர் இக்கரையை அறிந்திருந்தனர். ஆனால் புத்தளத்து ஆபிரிக்கரின் கதை பெரும்பாலும் ஐரோப்பியர் ஆட்சிக் காலத்தோடு தொடர்புடையது.

1505ஆம் ஆண்டில் இலங்கையை அடைந்த போர்த்துக்கேயர் கோவா, மொசாம்பிக் முதலிய இடங்களிலும் ஆதிக்கம் செலுத்தி வந்தனர். அவர்களுடைய கப்பல்களிலே ஆபிரிக்கர் அடிமைகளாகவும் வேலைக்காரராகவும் போர்வீரராகவும் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டனர். 1658ஆம் ஆண்டில் போர்த்துக்கேயரின் ஆட்சி முடிந்தது. அவர்கள் கொண்டுவந்த ஆபிரிக்கர் ஒல்லாந்தர் கைக்கு மாறினர். ஒல்லாந்தர் தம் கோட்டைகளையும் பண்டகசாலைகளையும் கட்டுவதற்கு அடிமைகளின் உழைப்பையே நம்பினர். கொழும்பிலே ஏரியை அடுத்த நிலப்பகுதியில் அவ்வடிமைகள் இரவில் அடைத்து வைக்கப்பட்டனர். நாம் கொம்பனித் தெரு என வழங்கும் அப்பகுதிக்கு ஆங்கிலத்தில் அடிமைத் தீவு என்ற பெயர் ஏற்பட்ட காரணம் இதுவே.

1796ஆம் ஆண்டில் கரையோர மாகாணங்கள் ஆங்கிலேயர் வசமாயின. 1798 முதல் 1805 வரை தேசாதிபதியாக இருந்த பிரெடெரிக் நோர்த், இந்நாட்டிலே படைவீரர் போதாமையைக் கண்டு, ஆபிரிக்கரை விலைக்கு வாங்கிப் படையிற் சேர்த்தார். கோவாவிலும் மொசாம்பிக்கிலும் வாங்கப்பட்ட அவர்களைக் கொண்டு தனிப் படைப்பிரிவு ஒன்று அமைந்தது. 1807ஆம் ஆண்டிலே பிரித்தானியப் பாராளுமன்றம் அடிமை வணிகத்தைத் தடை செய்தது. அத்தடைக்குச் சில ஆண்டுகளே முன்னதாக, அரசின் பணத்தாலேயே அரசுக்கு வீரர் வாங்கப்பட்டனர் என்பது வரலாற்றின் முரண்பாடுகளுள் ஒன்று. கண்டிப் போர்களிலே தமக்குத் தொடர்பே இல்லாத ஓர் அரசுக்காகத் தமக்குத் தொடர்பே இல்லாத மற்றோர் அரசை எதிர்த்து அவர்கள் போரிட்டனர்.

1815ஆம் ஆண்டில் கண்டி வீழ்ந்தது. காடுகளிலே போரிட வீரர் வேண்டிய காலம் மெல்ல மெல்லக் கழிந்தது. ஆபிரிக்கப் படைப்பிரிவு சுருங்கிற்று; எஞ்சியோர், மலாயர் பெரும்பான்மையினராய் இருந்த இலங்கை றைபிள் படையிற் கலந்தனர். அப்படையும் 1873ஆம் ஆண்டிற் கலைக்கப்பட்டது. இதற்கிடையே புத்தளத்திற் காவற் கடமையில் இருந்த ஆபிரிக்க வீரர்கள் அவ்வூரிலேயே மணம் செய்து குடும்பத்தினராயினர். படை நீங்கியபின் அவர்கள் சென்று சேரத் தாயகம் என்று ஒன்று இல்லை. சிலர் அரசாங்க உப்பளங்களுக்குக் காவலராயினர். சிலர் உள்நாட்டிலே செல்லங்கந்தல் என்னும் இடத்தில் நிலம் பெற்றுக் குடியேறினர். பிற்காலத்திற் சிராம்பியடியிலே குடும்பங்கள் பெருகின. துப்பாக்கி ஏந்திய கைகள் மண்வெட்டி ஏந்தின.

புத்தளப் பகுதியின் வரலாற்றை எண்ணும்போது கற்பிட்டியில் 1807ஆம் ஆண்டிற் பிறந்த சைமன் காசிச்செட்டி நினைவுக்கு வருகின்றார். 1834ஆம் ஆண்டில் இலங்கையின் ஊர்களையும் மக்களையும் அகரவரிசையில் விவரிக்கும் பெருநூலை வெளியிட்டவர். 1859ஆம் ஆண்டிலே தமிழ்ப் புலவர் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதித் தந்தவர். எழுத்தறிந்தோருக்கு இத்தகைய வரலாற்றாசிரியர் வாய்த்தனர். உப்பளக் காவலருக்கோ எழுதி வைப்பார் எவரும் அவர்தம் குடியிலே இல்லை. அவர்கள் தம் வரலாற்றை வைத்துச் சென்ற ஏடு பாட்டு ஒன்றேயாகும்.

அப்பாட்டின் மொழி போர்த்துக்கேய மொழியிலிருந்து பிறந்த ஒரு கலப்பு மொழி. ஆபிரிக்காவின் பல பகுதிகளிலிருந்தும் வந்தவர்களுக்குப் பொதுமொழி ஒன்று வேண்டியிருந்தது. போர்த்துக்கேயர் ஆட்சி நீங்கிய பின்னும் இத்தீவின் துறைமுகங்களிலே வாணிகத்திற்கும் வீட்டு வேலைக்கும் உரிய பேச்சு மொழியாக அக்கலப்பு மொழியே நெடுங்காலம் நிலவிற்று. ஒல்லாந்தர் இல்லங்களிற்கூட அதுவே வழங்கிற்று. மட்டக்களப்பு, திருகோணமலை ஆகிய ஊர்களில் வாழும் பறங்கியருட் சிலர் அதனை இன்றும் பேசுகின்றனர். புத்தளத்து ஆபிரிக்கர் பேசியதும் அதுவேயாம். தம் மூதாதையரின் ஆபிரிக்க மொழிகளை முன்னரே இழந்துவிட்ட அவர்களுக்கு, ஆண்டவரின் மொழியிலிருந்து பிறந்த இக்கலப்பு மொழியே தாய்மொழி ஆயிற்று. ஆண்டவரின் கத்தோலிக்க சமயத்தையும் அவர்கள் தமதாக்கிக் கொண்டனர்.

பின்னர் இம்மொழியும் தேய்ந்தது. பாடசாலையிற் பிள்ளைகள் கற்றது சிங்களம் அல்லது தமிழ். சந்தையிற் பேசியதும் அவையே. சிங்களரோடும் தமிழரோடும் முஸ்லிம்களோடும் மணவுறவு கலந்தது. வீட்டிற்கு வந்த மருமகளுக்குப் பழைய மொழி தெரியாது. அவள் தாலாட்டிய குழந்தைக்கும் அது தெரியாதாயிற்று. முதியோர் தமக்குள் இரண்டொரு சொற் பேசுவதோடு அது நின்றது. இவ்வாறு பேச்சிலிருந்து விலகிய மொழி பாட்டிலே மட்டும் ஒதுங்கி உயிர் பிழைத்தது. பேசும் மொழியை ஒவ்வொரு நாளும் புதிது புதிதாய் ஆக்க வேண்டும். பாட்டையோ கேட்டபடியே திருப்பிச் சொன்னாற் போதும். மொழி மறைந்த பின்னும் மஞ்சா மறையாமைக்குக் காரணம் இதுவேயாகும்.

மஞ்சா பாடும் முறை எளிமையானது. ஆடவரும் மகளிரும் ஒன்றாக அமர்வர். ஒருவர் ஓர் அடியைத் தொடங்குவார்; மற்றையோர் அதனை ஏற்றுப் பாடுவர். பாட்டுகள் மிகச் சிறியவை. நாலைந்து அடிகளுக்குள் அடங்குபவை. காதல், கடல், விலங்குகள் என எளிய வாழ்வின் செய்திகளே அவற்றின் பொருள். அச்சிறு பாட்டையே மீண்டும் மீண்டும் பாடுவர். தொடக்கத்திலே தாளம் மிக மெதுவாக நடக்கும். பாடுவோர் தூக்கக் கலக்கத்திற் பாடுகின்றனரோ என ஐயுறத் தோன்றும். சிறிது சிறிதாக நடை விரையும். கைத்தட்டும் கொட்டும் நெருங்கி வரும். அமர்ந்திருந்த மூதாட்டி ஒருத்தி எழுந்து இடுப்பசைத்து ஆடத் தொடங்குவாள். அவளைப் பின்பற்றி மற்றையோரும் எழுவர். வேகம் உச்சியை அடைந்ததும் பாட்டு சட்டென்று நிற்கும்.

அவர்கள் கையாளும் இசைக் கருவிகளோ விலை கொடுத்து வாங்க வேண்டியவை அல்ல. கையால் முழக்கும் கொட்டு ஒன்றும் றபான் ஒன்றும் முதன்மையானவை. இவற்றோடு தேங்காய்ச் சிரட்டை இரண்டு. நாணயத்தாற் தட்டி ஒலிக்கும் கண்ணாடிப் போத்தல் ஒன்று. உலோகப் பாத்திரம் ஒன்று. அதனைத் தட்டக் குச்சிகள். சமையலறையிலே கிடைப்பனவெல்லாம் தாளக் கருவிகளாகும். சொந்தமாக ஒரு பொருளும் வைத்துக்கொள்ள இயலாத அடிமை வாழ்விலே, கைக்கு அகப்பட்டதையே இசையாக்கும் பழக்கம் தோன்றியிருத்தல் இயல்பே. வறுமை அவர்களுக்குக் கற்பித்த இசை நுட்பம் இது எனலாம்.

மஞ்சாவுக்குப் பெயர் பெற்ற உறவினர் இருவர் உளர். ஒன்று கபரிஞ்ஞா, மற்றொன்று பைலா. காப்பிரி என்னும் சொல்லோடு சிறுமைப் பொருள் தரும் போர்த்துக்கேய விகுதி சேர்ந்து அமைந்த பெயரே கபரிஞ்ஞா. மட்டக்களப்புப் பறங்கியர் தம் திருமண வீடுகளில் வயலின், கித்தார், றபான் ஆகியவற்றோடு இதனை இசைத்து ஆடுவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்கையிற் சிவில் சேவை அதிகாரியாக இருந்த ஹியூ நெவில், இத்தகைய கலப்பு மொழிப் பாட்டுகளை எழுதுவித்துத் தொகுத்தார். ஏட்டுச் சுவடிகளோடு அவர் சேர்த்த அத்தொகுப்பு இன்று இலண்டன் பிரித்தானிய நூலகத்தில் உள்ளது. அத்தொகுப்பிலே பறங்கியர் பாட்டுகளோடு ஆபிரிக்கர் பாட்டுகளும் தனியே குறிக்கப்பட்டிருக்கின்றன.

ஆடுதல் என்று பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது பைலா. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே பொலிஸ் சேவையிலிருந்த வொலி பஸ்தியன் என்னும் கலைஞர், கபரிஞ்ஞாவின் துள்ளல் நடையிற் சிங்களப் பாட்டுகளைப் புனைந்து பாடிப் பைலாவை நாடெங்கும் பரப்பினார். பின்னர் வானொலியும் இசைத்தட்டும் அதனை ஒவ்வொரு வீட்டிற்கும் கொண்டு சென்றன. தமிழ்ப் பொப் பாடகர்களும் அதன் நடையைத் தழுவிக்கொண்டனர். இன்று பைலா ஒலிக்காத திருமணமும் சுற்றுலாவும் இலங்கையில் அரிது. ஆனால் அவ்விசையின் துள்ளலிலே ஆபிரிக்கரின் பங்கும் உண்டு என்பதை ஆடுவோருள் எத்துணைப் பேர் அறிவர்? கிளை நகரமெங்கும் நிழல் பரப்பிற்று. வேரோ உப்புக் காற்றடிக்கும் சிற்றூரிலே எவரும் அறியாமற் கிடந்தது.

அவ்வேர் வெளியுலகுக்குத் தெரியத் தொடங்கியது அண்மைக் காலத்திலேயாம். ஆசியாவில் ஆபிரிக்கர் குடியேறிய வரலாற்றை ஆராய்ந்த ஷிஹான் டி சில்வா ஜயசூரிய முதலிய அறிஞர்கள் சிராம்பியடிக்குச் சென்று பாட்டுகளைப் பதிவு செய்தனர்; பொருள் விளக்கம் எழுதினர். அதுவரை ஞானஸ்நானம், திருமணம் முதலிய வீட்டு விழாக்களிலே தமக்காக மட்டும் பாடி வந்தவர்கள், பிறர் கேட்கவும் பாட முன்வந்தனர். ஊரின் மூத்த பாடகர்களும் கொட்டு முழக்குவோரும் இளையோர் சிலரும் சேர்ந்து ‘சிலோன் ஆபிரிக்கன் மஞ்சா’ என்னும் பெயரில் ஒரு குழுவாயினர். கொழும்பு முதலிய இடங்களின் மேடைகளிலே புத்தளத்து மஞ்சா ஒலித்தது.

இக்குழுவினர் இசையையே தொழிலாகக் கொண்டவர்கள் அல்லர். அவர்களுக்கு வேறு பிழைப்பு உண்டு. நாட்கூலிக்குச் செல்வோரும் அரசாங்க நிலையங்களிலே சிற்றூழியம் பார்ப்போரும் வீட்டுக் கடமைகளை உடைய பெண்களும் அவர்கள். அழைப்பு வந்தால் வேலையிலிருந்து விடுப்புப் பெற்று, பேருந்தில் ஏறிச் சென்று, பாடி ஆடி, மறுநாள் வேலைக்குத் திரும்ப வேண்டும். அவர்களுள் முதியோர் பலர். வாழ்நாள் முழுவதும் பாடியவர்கள். ஆயினும் பாடகர் என்று பிறர் தம்மை அழைப்பதை முதுமையிலேதான் கேட்டவர்கள்.

குழுவிற்கு அவர்கள் சூட்டிய பெயரும் எண்ணத்தக்கது. இம்மக்களை நெடுங்காலமாக இந்நாட்டார் காப்பிரி என்றே அழைத்து வந்தனர். சமய நம்பிக்கை இல்லாதவர் என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது அப்பெயர். உலகின் பிற பகுதிகளில், குறிப்பாகத் தென்னாபிரிக்காவில், அது கொடிய வசைச் சொல். இலங்கையிலே அது அவ்வளவு கடுமையாக ஒலிக்காது என்பர். ஆயினும் பிறர் இட்ட பெயர் பிறர் இட்ட பெயரேயாம். மேடையேறும் வேளையிலே இம்முதியோர் தமக்குத் தாமே ஒரு பெயர் இட்டுக்கொண்டனர். ‘சிலோன்’ என்பது பிறந்த நாடு. ‘ஆபிரிக்கன்’ என்பது முன்னோர் நாடு. ‘மஞ்சா’ என்பது இரண்டையும் இணைக்கும் பாலம். விலைச் சீட்டிலும் படைப்பதிவேட்டிலும் பிறர் எழுதிய பெயரையே தாங்கி வந்த ஒரு குலம், தன் பெயரைத் தானே எழுதிய செயல் இது.

உலகின் மற்றொரு மூலையில் நிகழ்ந்த நிகழ்ச்சி ஒன்று இதனோடு ஒப்பிடத் தக்கது. 1996ஆம் ஆண்டில் கியூபா நாட்டுத் தலைநகர் ஹவானாவிலே, மறக்கப்பட்டிருந்த முதிய இசைஞர் சிலர் ஓர் ஒலிப்பதிவு நிலையத்தில் ஒன்று கூட்டப்பட்டனர். அவர்களுள் 1907இற் பிறந்த கொம்பாய் செகுந்தோ பல்லாண்டு சுருட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். இப்ராகிம் பெரேர் சப்பாத்துத் துடைத்துப் பொருளீட்டியவர். அவர்கள் பாடிய இசைத்தட்டு 1997இல் வெளிவந்தது, உலகெங்கும் விற்பனையாயிற்று. ஆபிரிக்க அடிமைகளின் தாளமும் ஐரோப்பியரின் தந்தி வாத்தியமும் கலந்து பிறந்த இசையே அதுவும். ஆனால் ஹவானாவின் முதியோருக்குத் தாம் பாடும் மொழி நாட்டு மொழி. கேட்போருக்கும் அது விளங்கும். சிராம்பியடியின் முதியோருக்கு அவ்வாய்ப்பில்லை.

இந்தியாவின் குசராத்து மாநிலத்திலே வாழும் ஆபிரிக்க வழியினரான சித்தியரையும் இங்கு நினைக்கலாம். இரத்தன்பூரில் உள்ள தம் மகானின் தர்காவிலே அவர்கள் கொட்டு முழக்கி ஆடி வழிபடுவர். அவர்களுடைய இசைக்கு வழிபாடு ஒரு காவல். ஆண்டுதோறும் விழா நடக்கும்வரை கொட்டும் முழங்கும். மஞ்சாவுக்கு அத்தகைய காவல் இல்லை. அது கோயிலுக்குரிய இசை அன்று, குடும்பத்திற்குரிய இசை. குடும்பத்தார் பாடினால் உண்டு, பாடாவிட்டால் இல்லை.

ஆகவே மேடை அவர்களுக்குப் பெரிதும் வேண்டியதாயிற்று. அதனால் விளையும் இடரும் உண்டு. வீட்டு முற்றத்திலே விடிய விடியப் பாடிய பாட்டு, மேடையிலே குறித்த நிமிடத்துக்குள் அடங்க வேண்டும். மெதுவாகத் தொடங்கும் பகுதியைச் சுருக்கி, கைத்தட்டுப் பெறும் வேகப் பகுதிக்கு விரைந்து சென்றாற் கேட்போர் மகிழ்வர். ஆனால் அம்மெதுவான தொடக்கத்திலேதான் இளையோர் சொற்களைக் கேட்டுப் பழக முடியும். வேகம் ஏறிய பின் சொல் மறைந்து தாளம் ஒன்றே எஞ்சும். அன்றியும், வேலை தேடிக் கொழும்புக்கும் வெளிநாட்டிற்கும் செல்லும் இளைஞருக்கு ஒத்திகைக்கு நேரம் வாய்ப்பதும் அரிது.

எனினும் மேடையினால் விளைந்த நன்மை பெரிது. பாடசாலையிலே தன் சுருண்ட தலைமயிருக்காகக் கேலிக்கு உள்ளாகும் ஒரு சிறுவன், தன் பாட்டியின் பாட்டுக்கு அரங்கத்தார் எழுந்து கைதட்டுவதைக் காண்பானாயின், அப்பாட்டைக் கற்க விரும்புவான். பரம்பரைக் கலை ஒன்றை இளையோர் கைவிடுவதற்கு, அது கடினம் என்பதைக் காட்டிலும் அது இழிவு என்று கருதுவதே பெருங் காரணம். அக்கருத்தை மாற்றியவர்கள் சிராம்பியடியின் முதியோரே. பொருள் ஈட்டுவதைவிட இதுவே அக்குழுவின் மெய்யான ஊதியம் எனலாம்.

மொசாம்பிக்கின் கரையிலிருந்து புறப்பட்ட கப்பல்களிலே அடைக்கப்பட்டு வந்தவர்களுக்குத் தம் ஊரை எடுத்துவர முடியவில்லை; உறவை எடுத்துவர முடியவில்லை; நாளடைவில் மொழியும் போயிற்று; பெயரும் மாறிற்று. எஞ்சியது கையிலிருந்த தாளம் ஒன்றே. அத்தாளத்தின்மேல் அயலார் மொழியிற் சில அடிகளை ஏற்றி, உப்பளக் காவலின்போதும் திருமணப் பந்தலிலும் பாடிப் பாடித் தம் மக்களுக்கு விட்டுச் சென்றனர். இன்று சிரட்டையையும் போத்தலையும் பையில் இட்டுக்கொண்டு பேருந்துக்குக் காத்து நிற்கும் அம்முதியோர், அப்பழைய கொடையைச் சுமந்து செல்கின்றனர். அவர்கள் பாடத் தொடங்கும்போது நடை மெதுவாகவே இருக்கும். பொறுமையோடு கேட்போருக்கு அது விரைந்து வளர்ந்து, அரங்கையே ஆடச் செய்யும் வேளையும் வரும்.